கரையில் நின்ற ஒளிப்படக் கருவி: மன்னார் வளைகுடா முத்துச் சலாபப் படங்களும் அவற்றின் பண்பாட்டுப் பொருளும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பதிவுசெய்த ஒளிப்படங்கள் இன்று நூல் அட்டைகளிலும் கண்காட்சிகளிலும் நினைவு மலர்களிலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. அவை வீரத்தின் சான்றாகவோ சுரண்டலின் சான்றாகவோ வாசிக்கப்படுகின்றன. இப்படங்களில் முத்துக்குளிப்பின் மையச்செயலான மூழ்குதல் இடம்பெறுவதில்லை. இவ்வின்மையைத் தொழில்நுட்பக் குறை மட்டுமே விளக்கிவிடாது என்றும், கருவி நிறுத்தப்பட்ட இடமும் நேரமும் அரசு தன் பங்கை எண்ணிப் பிரித்த இடத்தோடும் நேரத்தோடும் பொருந்துகின்றன என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. ஏறுதழுவலும் ஸ்பெயின் நாட்டுக் காளைப்போரும் ஒளிப்படத்தை எதிர்கொண்ட விதம் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முத்துச் சலாபம், தூத்துக்குடி, பரதவர், ஒளிப்பட வரலாறு, ஏறுதழுவல், காலனிய இனவரைவியல்

1. முன்னுரை

மனித உடல் தன்னைவிட வலிய ஒன்றை நேர்கொள்ளும் செயல்கள் தமிழ் நிலத்தில் பல உண்டு. முல்லை நிலத்தில் அது காளை. நெய்தல் நிலத்தில் அது கடல். கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலைப் பாடுகிறது. சங்கப் பாடல்கள் கொற்கையின் முத்தைப் போற்றுகின்றன. இரண்டிலும் மையமாக அமைவது சில நொடிகளே நீளும் ஒரு கணம். திமிலைப் பற்றிய கை நிலைக்குமா நழுவுமா என்பது ஒரு துள்ளலுக்குள் முடிந்துவிடுகிறது. கடலடியைத் தொட்ட மனிதன் சிப்பியோடு மீள்வானா என்பது ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடுகிறது.

1839இல் ஐரோப்பாவில் பொதுவெளிக்கு வந்த ஒளிப்படக்கலை விரைவில் சென்னை மாகாணத்தையும் எட்டியது. 1856இல் சென்னையில் ஒளிப்படச் சங்கம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். கல் அசையாது, ஆகவே அது அன்றைய கருவிக்கு உகந்த பொருளாக இருந்தது. அசைவதையே உயிராகக் கொண்ட செயல்களைக் கருவி என்ன செய்தது என்பதே இங்கு எழும் வினா.

2. காளையும் கண்ணாடித் தகடும்

ஒப்பீட்டிற்கு முதலில் காளையை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பெயின் நாட்டுக் காளைப்போரின் அசைவை ஒளிப்படம் தோன்றுவதற்கு முன்பே ஓவியர் கோயா தம் செதுக்கோவியத் தொடரில் (1816) வடித்திருந்தார். கை வரைந்த அந்தத் துள்ளலை 1860களின் ஒளிப்படம் எட்ட முடியவில்லை. ஈரத்தகடு முறையில் கண்ணாடியில் கொலோடியன் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, அருகிலேயே இருட்டறையில் கழுவ வேண்டும். ஒளி விழவேண்டிய நேரமோ நொடிக்கணக்கில் நீளும். ஆகவே மாட்ரிட் நகரில் தொழில் நடத்திய ழான் லோரான் போன்றோர் காளைப்போர் அரங்கின் கட்டடத்தையும், பகட்டுடையில் அசையாது நின்ற வீரரையும் படமெடுத்தனர். நிகழ்ச்சி படத்தில் இல்லை; நிகழ்த்துபவர் இருந்தார். அவருடைய பெயரும் இருந்தது. பெயரால் அறியப்பட்ட வீரரின் சிற்றளவுப் படத்தை மக்கள் விலை கொடுத்து வாங்கிச் சேகரித்தனர்.

சல்லிக்கட்டின் நிலை வேறு. 1868இல் வெளிவந்த ஜே. எச். நெல்சனின் மதுரை மாவட்டக் கையேடும், எட்கர் தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலும் அதனை எழுத்தில் விவரிக்கின்றன. ஆனால் வாடிவாசலில் ஸ்பெயின் அரங்கைப் போன்ற வட்டமான மதிற்சுவர் இல்லை. காளை எத்திசையில் பாயும் என்பதை முன்கூட்டி அறிந்து முக்காலியை ஊன்ற வழியில்லை. ஆட்டத்தின் களமும் பார்வையாளரின் இடமும் ஒன்றோடொன்று கலந்தவை. அணைந்தவன் இன்னான், அணையப்பட்டது இன்னார் வீட்டுக் காளை என்ற செய்தி ஊர்வாயில் பெயரோடு நிலைத்தது. காலனியப் பதிவில் அது ஒரு சாதியின் வழக்கமாக மட்டுமே பதிந்தது.

தனிமனிதச் செயலைச் சாதிப் பண்பாக மாற்றும் இந்தப் பெயர்ப்பு, முத்துச் சலாபப் படங்களில் இன்னும் தெளிவாக வெளிப்படுகிறது.

3. சலாபத்தின் ஒரு நாள்

படங்களை வாசிக்குமுன் அவற்றுக்குப் பின்னுள்ள தொழிலின் ஒழுங்கை அறிதல் வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகள் பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் வாழ்வன. சிப்பி விளைவது ஆண்டுதோறும் நிகழ்வதன்று. பல ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்து, பின் சில ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சல் தரும். அரசு பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளின் முத்தை மதிப்பிட்டு, சலாபத்தை அறிவிக்கும். அறிவித்ததும் ஆளற்ற கடற்கரையில் ஓலைக் குடிசைகளால் ஓர் ஊர் எழும். சலாபம் முடிந்ததும் அது கலையும்.

தோணிகள் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றின் துணையால் பாருக்குப் புறப்படும். விடிந்தபின் குளிப்பு தொடங்கும். கல் கட்டிய கயிற்றில் காலூன்றிக் குளியாளி இறங்குவார். அடியை அடைந்ததும் கல்லை மேலே இழுத்துக்கொள்வர். அவர் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிய வலைப்பையில் சிப்பியை வாரி நிரப்பி, கயிற்றை அசைத்துச் சைகை தருவார். மேலே நிற்பவர் இழுப்பார். ஒரு கல்லுக்கு இருவர் மாறிமாறி இறங்குவர். பெரும்பாலோர் நீருள் இருந்த நேரம் ஒரு நிமிடத்தை ஒட்டியதே. பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாளிகள் மூக்கில் கவ்வி பொருத்தினர். தமிழ்க் குளியாளிகள் விரலால் மூக்கைப் பொத்தினர். நண்பகலை ஒட்டிக் குளிப்பு நின்று, கடற்காற்றில் பாய் விரித்துத் தோணிகள் கரை திரும்பும்.

கரையில் வேலியிட்ட கொட்டுகளில் சிப்பிகள் குவிக்கப்பட்டு எண்ணப்படும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் இலங்கைச் சலாபங்களில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளிகளுக்கும் சென்றது. அரசுப் பங்கு மாலையில் ஆயிரத்துக்கு இன்ன விலை என ஏலம் விடப்படும். குளியாளிகள் தம் பங்கைக் கொட்டின் வாயிலுக்கு வெளியே கூடி நிற்கும் கூட்டத்திடம் சில்லறையாக விற்றுவிடுவதும் உண்டு. சிப்பியைத் திறக்காமல் வாங்குவதால், வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் அது ஒரு சூதாட்டம்.

4. கருவி நின்ற இடம்

மேற்கண்ட நாளின் ஒழுங்கோடு கிடைக்கும் படங்களை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படுகிறது. தர்ஸ்டன், ஹெர்ட்மன், ஹார்னெல் ஆகியோரின் எழுத்துகளோடும், ஜார்ஜ் குன்சும் சார்லஸ் ஸ்டீவன்சனும் 1908இல் நியூயார்க்கில் வெளியிட்ட முத்து பற்றிய பெருநூலோடும் சேர்ந்து பரவிய சலாபப் படங்களைப் பொதுவாக மூன்று வகைக்குள் அடக்கலாம்: கரையில் அணிவகுத்த தோணிகள், கல்லும் கயிறுமாக நிற்கும் குளியாளி, கொட்டும் ஏலமும் முத்து வணிகரும். மூன்றிலும் கருவி நிலத்திலோ தோணித் தட்டிலோ நிற்கிறது. வெளிச்சம் பிற்பகலுக்குரியதாக அமையும்போது, அது தோணிகள் திரும்பும் வேளையாகிறது.

இதற்குத் தொழில்நுட்பமே காரணம் என்று சொல்லி அமைவது எளிது. ஆனால் கால வரிசை அதற்கு முழுதும் இடந்தரவில்லை. 1878இல் மைபிரிட்ஜ் பாயும் குதிரையின் கால்களைப் படமாக்கிவிட்டார். 1880களில் உலர்தகடுகள் பரவலாயின; 1888இல் கோடக் பெட்டிக் கருவி விற்பனைக்கு வந்தது. 1893இல் லூயி புத்தான் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் நீருக்கடியில் படமெடுத்தார். அந்த முறை கடினமானது, செலவு மிக்கது. ஓடும் நீரில் நிகழும் தொழிலைப் படமாக்க அது அன்று உதவியிராது. எனினும் நீரின் மேற்பரப்பில் நிகழும் செயல்களுக்கு, அதாவது குளியாளி தோணியின் விளிம்பை விட்டு இறங்கும் கணத்துக்கும் மூச்சிரைக்க மீளும் கணத்துக்கும், நூற்றாண்டின் இறுதிக் கருவி போதுமானதாகவே இருந்தது. அக்கணங்களை விடக் கொட்டும் ஏலமும் வணிகரும் மிகுதியாகப் படமாயின.

கொட்டே அரசின் கண் நின்ற இடம். சிப்பி அங்குதான் கணக்காக மாறியது. 1905ஆம் ஆண்டு இலங்கைச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எண்ணப்பட்டன. அந்த எண்ணிக்கைக்கு உருவம் தருவதே மரிச்சிக்கட்டிக் கரையின் குவியல் படங்கள் ஆற்றும் பணி. ஒளிப்படக்காரர் எவரும் அரசின் ஆணைப்படி அங்கு நின்றிருக்க வேண்டியதில்லை. அனுமதியும் நிழலும் உறுதியான தரையும் கிடைத்த இடம் அதுவாக இருந்ததே போதும். கணக்கரின் மேசையிலிருந்து தெரிந்தது எதுவோ அதுவே உலகுக்கும் தெரிந்தது.

5. பெயரில்லாத உடல்

இரண்டாம் வகைப் படம் தனியே வாசிக்கத்தக்கது. குளியாளி நின்றுகொண்டிருக்கிறார், கையில் கயிறு, காலடியில் கல், கழுத்தில் வலைப்பை. தொழிலின் உறுப்புகள் அனைத்தும் உள்ளன, தொழில் நடைபெறவில்லை. லோரானின் படத்தில் நிற்கும் காளைப்போர் வீரரும் இவ்வாறே அசைவற்று நிற்கிறார். இரண்டையும் பிரிப்பது படத்தின் கீழுள்ள வரி. அங்கே வீரரின் பெயர். இங்கே சாதியின் பெயர், அல்லது குளியாளி என்னும் தொழிற்பெயர். அவர் பார்வையாளர் தேடி வாங்கும் ஆள். இவர் ஒரு வகைக்கு மாதிரி.

இந்த வேறுபாடு அருங்காட்சியகத்தின் பார்வையிலிருந்து பிறந்தது. தர்ஸ்டன் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குத் தொழில்களையும் கடலுயிர்களையும் பற்றிய அவருடைய குறிப்புகள் 1890இல் வெளிவந்தன. பின்னாளில் மனிதத் தலைகளையும் மூக்குகளையும் அளந்து சாதிகளை வகைப்படுத்த முனைந்தவரும் அவரே. சிப்பியை மாதிரியாகக் காணும் கண்ணும் மனிதரை மாதிரியாகக் காணும் கண்ணும் ஒரே நிறுவனத்தில் பழகியவை. அதே வேளையில் தர்ஸ்டனின் எழுத்து அவர் காலத்துப் படங்களைவிடத் தாராளமானது. நாற்றம், ஈ, கூச்சல், பேரம் என்பன எழுத்தில் நுழைகின்றன. படத்துக்குள் அவை நுழையவில்லை. ஆகவே படத்தை அதனோடு அச்சான எழுத்திலிருந்து பிரித்தெடுத்து இன்று வழங்குவது, அன்றைய பதிவிலும் குறுகிய ஒன்றை வழங்குவதாகும்.

படத்தின் ஓரத்தில் பெரும்பாலும் பாதியாக வெட்டுண்டு நிற்பவர் கயிறு பிடிப்பவர். குளியாளியின் உயிர் அவர் கையில் இருக்கிறது. குளியாளியின் கயிற்றை மைத்துனனே பிடிப்பான், தன் தமக்கையோ தங்கையோ தாலி இழக்க அவன் விடமாட்டான் என்னும் வாய்மொழி வழக்கு தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டது. எல்லாத் தோணிகளிலும் இவ்வாறே நடந்ததா என்பதைவிட இவ்வழக்கு எதைச் சொல்கிறது என்பதே பொருளுடையது. கடலடிக்குச் சென்றவன் தனி வீரன் அல்லன். ஒரு குடும்ப உறவின் முனையில் கட்டப்பட்டவன். கயிற்றின் மறுமுனையை வெட்டிய படம் அவ்வுறவையும் வெட்டிவிடுகிறது.

6. படத்துக்கு வெளியே: கடல்கட்டியும் சாதித்தலைவரும்

சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட மந்திரத்தார் கடல்கட்டி எனப்பட்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாகவும், பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவர் என்றும் குறிக்கிறார். இரவில் மந்திரம் அவிழ்ந்திருப்பதால் திருட்டுத்தனமாகக் குளிக்க எவரும் துணியார். அச்சத்தைத் தணிக்கும் சடங்கு, பொதுச்சொத்தைக் காக்கும் காவலாகவும் அமைந்தது. பரதவர் 1530களில் கத்தோலிக்க சமயம் தழுவி, 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்த பின்னரும் இவ்வழக்கம் மறையவில்லை. போர்த்துக்கீசியருக்குப் பின் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயரும் கடல்கட்டியை நீக்கத் துணியவில்லை. அவரில்லாமல் குளியாளிகள் கடலில் இறங்க மறுத்ததே காரணம்.

ஆங்கிலேயர் எழுத்தில் கடல்கட்டி பெரும்பாலும் நகைப்புக்குரிய மூடநம்பிக்கையாகவே வருகிறார். ஆனால் நிர்வாகம் அவருக்குப் பங்கு தந்தது. இம்முரண் நோக்கத்தக்கது. அறிவியலால் மதிப்பிழந்தவரைப் பொருளியல் மதித்தது. பரதவர் சமூகத்தின் சாதித்தலைவருக்குச் சலாபத்தில் மரபுவழி உரிமை இருந்ததும் இவ்வகையினதே. குளியாளிகள் அரசோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்ட சிதறிய கூலிகள் அல்லர்; தமக்கெனத் தலைமையும் சடங்கும் பேரம்பேசும் வலிமையும் கொண்ட மக்கள். தனியே நிறுத்தி எடுக்கப்பட்ட குளியாளியின் படம் இதனை உணர்த்துவதில்லை.

7. இரு வாசிப்புகளும் அவற்றின் போதாமையும்

இப்படங்கள் இன்று இரு வகையில் பயன்படுகின்றன. முதலாவது, பழந்தமிழர் வீரத்தின் தொடர்ச்சியாக அவற்றைக் காண்பது. இவ்வாசிப்பில் குளியாளி ஏறுதழுவும் வீரனின் கடல்வழி உறவினன். 2017ஆம் ஆண்டுச் சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் உடல்வீரத்தைப் பண்பாட்டு அடையாளமாகக் காணும் போக்கு வலுப்பெற்றதால் இவ்வாசிப்புக்கு ஈர்ப்பு மிகுந்துள்ளது. ஆனால் ஏறுதழுவல் விழா. அதில் இறங்காதிருக்க ஒருவருக்கு உரிமை உண்டு. முத்துக்குளிப்பு பிழைப்பு. செங்கடல் வழிச்செலவு நூலாகிய பெரிப்ளூஸ், கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்றோரே முத்துக்குளித்தனர் என்கிறது. ஒரு காலத்தில் தண்டனையாகக் குறிக்கப்பட்ட செயலை இடைவெளியின்றி வீரமரபாக்குவது வரலாற்றைச் சுருக்குவதாகும்.

இரண்டாவது, குளியாளியைச் சுரண்டப்பட்ட உடலாக மட்டும் காண்பது. இதற்குச் சான்றுகள் வலுவானவை. ஆயினும் பங்கைக் கையில் பெற்றுத் தன் விலைக்கு விற்றவர், கடல்கட்டி வராமல் இறங்க மறுத்தவர், எந்தப் பாரில் எந்த நீரோட்டம் என்று அறிந்தவர் இவ்வாசிப்பில் மறைந்துவிடுகிறார். ஹெர்ட்மன் 1903 முதல் 1906 வரை ராயல் சங்கத்தின் வழி வெளியிட்ட அறிக்கையும், அவருடைய உதவியாளராக வந்து பின் சென்னை அரசின் மீன்துறையில் பணியாற்றிய ஹார்னெலின் ஆய்வுகளும் குளியாளிகள் கொண்டுவந்த சிப்பிகளையும் அவர்கள் பார் அறிவையும் சார்ந்தே எழுந்தன. 1906இல் இலங்கைப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த இலண்டன் குழுமம், 1907க்குப் பின் சிப்பி விளையாமல் இழப்புற்றது. கணக்கும் அறிவியலும் கைவிட்ட இடத்தைப் படங்கள் காட்டுவதில்லை. வெற்றிபெற்ற ஆண்டுகளின் குவியல்களையே காட்டுகின்றன. பார் வெறுமையாகக் கிடந்த ஆண்டுகளில் அம்மக்கள் எதைக் கொண்டு வாழ்ந்தனர், சங்கு குளித்தனரா, இலங்கைக்குப் பெயர்ந்தனரா என்னும் வினாக்களுக்குப் படத்தில் விடை தேட இயலாது.

இரு வாசிப்புகளும் ஒரே பிழையைச் செய்கின்றன. கருவி காட்டிய தனி உடலைத் தொழிலின் முழுமையாகக் கொள்கின்றன. ஒன்று அவ்வுடலை வணங்குகிறது. மற்றொன்று அதற்கு இரங்குகிறது.

8. முடிவுரை

தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற சலாபங்களுக்குப் பின் முத்துக்குளிப்பு நிகழவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சிப்பியில் முத்து வளர்த்து வெற்றி கண்டனர்; அம்முத்துக்கு மூழ்கி உயிரைப் பணயம் வைக்கும் குளியாளி தேவையில்லை. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பழைய படங்கள் இப்போது மறைந்த தொழிலின் நினைவுச்சின்னங்கள். ஆனால் அத்தொழிலை உடலால் அறிந்தவர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1961இல் இருபது வயதினராக இருந்த ஒருவர் இன்று எண்பதைக் கடந்தவர். கயிற்றின் சைகை, கல்லின் எடை, பார்களின் பெயர், மேலே கயிறு பிடித்தவர் யார் என்பன அத்தலைமுறையின் நினைவில் மட்டுமே உள்ளன. படங்களின் கீழுள்ள ஆங்கில வரிகளை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்தும் இன்றைய வழக்கம், சாதிப்பெயரே போதும் என்னும் பழைய முடிவைத் தமிழில் மறுபடி எழுதுவதாகும்.

ஆகவே இப்படங்களுக்குப் புதிய விளக்கவரிகள் தேவை. படத்தில் இருப்பதோடு இல்லாததையும் அவ்வரிகள் கூற வேண்டும்: எந்தப் பொழுது, கொட்டின் எந்தப் பக்கம், கயிற்றின் மறுமுனையில் எவர், குளியாளியின் பங்கு எவ்வளவு. சம்மாட்டி, தண்டல், பார், கொட்டு, கடல்கட்டி முதலிய சொற்கள் அவற்றில் இடம்பெற வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் உறவையும் உரிமையையும் சுட்டும் சொல். படங்களை மூத்த குளியாளிகளிடம் கொண்டுசென்று அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்வதே இதற்கு வழி. ஒளிப்படம் எட்டாத கணத்தை அவர்களுடைய சொல் எட்டக்கூடும். அச்சொல் கிடைக்கும் காலம் குறுகிவருகிறது.